ஹேங் ஆன அப்பா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஒரே வியாதி. காலையில் எழுந்திருக்க நேரமாகும், எழுந்ததும் புலம்பல்.

மனைவி காலமான பிறகு யோங் பெங் ஊர் வீட்டில் நானும் கம்ப்யூட்டரும்தான். மகளுக்கு சிங்கப்பூரில் வேலை. ஞாயிறு காலை வீடியோவில் வருவாள். பாதிப் பேச்சில் படம் நின்றுவிடும்.

"அப்பா, வாயத் திறந்தபடியே ஹேங் ஆயிட்டீங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க லா!"

பண்ணினால், அவள் படிக்கிற காலத்தில் போட்டு வைத்த கேம்களைக் காணோம் என்று திரையில் வரிசையாகப் புகார் வரும். அவற்றை அழித்த மகாராஜன் நான்தான். கடைசியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"எப்படி அங்கிள் அழிச்சீங்க?" என்றார் கடைத் தம்பி.

"ஃபோல்டரோட பிடிச்சுக் குப்பைத்தொட்டியில போட்டேன்."

"அலமாக்! ஆளு காலி பண்ணிட்டுப் போயாச்சு, பேரும் அட்ரஸும் ரெஜிஸ்ட்ரிங்கிற உள்பதிவேட்டுல அப்படியே இருக்கு. ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் இது ஒவ்வொண்ணையா போய்த் தேடுது. அப்புறம் எப்படி வேகமா ஓடும்?"

நானும் அதே மாடல்தான் தம்பி என்று வாய்வரை வந்தது. "எப்ப கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு தடங்கலும் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாயிற்று.

"சூப்பரா இருக்குப்பா! சரி, வெச்சிடட்டா?"

என் காப்பி இன்னும் ஆறவில்லை. முன்பெல்லாம் ரீஸ்டார்ட், திட்டு, மறுபடி அழைப்பு என்று காலை முழுக்க ஓடும். அந்தத் திட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன், சொந்தச் செலவில்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் "சரிப்பா, வெச்..." என்றதும், வாயைப் பாதி திறந்தபடி சிலையாகிவிட்டேன். இமைக்கவில்லை.

"அப்பா? கேக்குதா? அய்யோ, மறுபடியுமா?"

மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டேன்.

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, பின்னால ஃபேன் சுத்துது."

மாட்டிக்கொண்டேன். இருந்தும் அசையவில்லை. அசைந்தால் சிரிப்பாள், சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி, மெதுவா ரீஸ்டார்ட் ஆகுங்க. நான் வெயிட் பண்றேன்."