மாப்பிள்ளை வருவதற்குள் ஓர் அப்டேட்

கைபேசியில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதைத் தொட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, புள்ளியை ஒழித்தால்தான் அடுத்த வேலை ஓடும். என் மனைவியின் போனில் எந்நேரமும் அப்படிப் புள்ளிகள் குவிந்துகிடக்கும். அவள் பாட்டுக்குச் சமைப்பாள், சிரிப்பாள், தூங்குவாள். அது எப்படி முடிகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் கல்யாண விருந்துகளில் கிட்டார் வாசிப்பவன். வார நாளில் வேறு வேலை, வாரக் கடைசியில் மேடை. முன்பெல்லாம் ஆம்ப் என்கிற பெரிய ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டின் மாடிப்படியில் இறங்குவேன். இடுப்பு போய்விட்டது. இப்போது செருப்பு டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டி வைத்திருக்கிறேன். உலகத்தில் உள்ள பேர்பெற்ற ஆம்ப்புகள் எல்லாம் எப்படிக் கத்துமோ அப்படியெல்லாம் அது கத்தும். அதற்கு ஸ்பீக்கர் கிடையாது. ஒரு வயர் மண்டபத்தில் எல்லாச் சத்தத்தையும் கலந்து விடும் மிக்சருக்குப் போகும், இன்னொரு வயர் என் காதில் உள்ள இயர்போனுக்கு வரும். அவ்வளவுதான்.

பெட்டி சின்னதானது, நிம்மதியும் சின்னதாகிவிட்டது. பழைய ஆம்ப் கெட்டால் புகை வரும், நாற்றம் அடிக்கும், என்ன கெட்டது என்று தெரியும். இது காரணமே சொல்லாமல் தானாக அணைந்து தானாக எழும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பாட்டு நடுவில் அப்படித்தான் செத்துப்போய், பாட்டு முடிந்த பிறகு எழுந்து எனக்கு வரவேற்பு சொன்னது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அதை அப்படியே துறைமுகத்தில் வீசியிருப்பேன்.

எங்கள் குழுவை நடத்துகிறவன் கீபோர்டு வாசிப்பவன், என் வயதுக்காரன். ஒன்றாகவே மேடை ஏறத் தொடங்கினோம். அவன் எல்லாப் பாட்டுக்கும் முன்பே பதிவுசெய்த டிராக்கை லேப்டாப்பில் தயாராக வைத்திருப்பான். டிரம்ஸ், வயலின் எல்லாம் அதில்தான் வரும். கிட்டாரும் அதில் இருக்கிறது, எனக்காக அதை மட்டும் ஊமையாக்கி வைத்திருப்பான். பண்டமாரான் விருந்து முடிந்து சாமான் ஏற்றும்போது என்னிடம் நேராகவே சொல்லிவிட்டான்.

"மச்சான், கோவிச்சுக்காதே. இன்னொரு தடவை உன் கிட்டார் நின்னா நான் டிராக்லயே போட்டுருவேன். வேற வழி இல்ல லா."

போட்டுவிட்டால் நான் எதற்கு? இந்த ஒரு கேள்விதான் அந்த வாரம் முழுக்க என்னைப் பிடுங்கித் தின்றது. ரயிலில் யோசித்தேன், ஆபீசில் யோசித்தேன். சாப்பிடும்போது இடது கை விரல்கள் மேசையில் ஓடிக்கொண்டிருந்தன. "சாப்பிடுங்க, மேசையை அப்புறம் வாசிக்கலாம்" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறு கிள்ளானில் ஒரு கல்யாண மதிய விருந்து. மாப்பிள்ளை என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், ஆகையால் அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விருந்தாளியாக வந்தாள். காலையிலேயே போய் வயர் எல்லாம் இழுத்து, சவுண்ட்மேனோடு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கிட்டார் மண்டபம் முழுக்க நன்றாகக் கேட்டது. குழுக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறார்கள்? படம் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள், அப்புறம் ரோட்டு ஜாமில் இருக்கிறார்கள் என்றார்கள். விருந்தாளிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்தேன். சிவப்புப் புள்ளி இருந்தது. என் பெட்டிக்குப் புது அப்டேட் வந்திருக்கிறதாம். தொட்டுப் பார்த்தேன். அதில் முதல் வரியே, பெட்டி தானாக அணைந்து எழும் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று இருந்தது.

சாமியே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. விருந்து நாளில் அப்டேட் பண்ணக்கூடாது என்று கிட்டார்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பாட்டு நடுவில் பெட்டி அணைந்தால் என் கதை முடிந்தது. அணையாமல் இருக்க மருந்து கையில் இருக்கிறது, மாப்பிள்ளையோ இன்னும் வரவில்லை. போனிலிருந்தே இணையத்தைக் கொடுத்து அப்டேட்டைத் தொடங்கினேன். அது பாதி ஓடும்போது வாசலில் மேளச் சத்தம் கேட்டது. திரையில் ஓடும் கோட்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். நல்லவேளையாக ஆரத்தி எடுக்கிற அக்காக்கள் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் பெட்டி விழித்துக்கொண்டது. இயர்போனை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினேன். தேன்.

முதல் பாட்டு தொடங்கியது. அப்படி ஒரு சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக மின்னியது. இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு, பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. நான் குழுக்காரனைப் பார்த்துச் சிரித்தேன். அவனும் சிரித்தான், ஆனால் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டில் மும்முரமாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த பாட்டில் ஓர் அங்கிள் போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார். என் விரல்களையே படம் எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து ஓர் இயர்போனைக் கழற்றினேன்.

"பாஸ், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, மூஞ்சி விழல."

என் கை காதில் இருந்தது. மண்டபத்தில் கிட்டார் நிற்கவில்லை, அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மண்டபத்தில் ஒருவருக்குக்கூட எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அங்கிள் போனை இறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் திரும்பக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்து, அவர் கேட்ட பக்கம் திரும்பி நின்று, வாசித்தேன். படத்துக்குச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு யார் யார் வீட்டுப் போனிலோ இன்னும் இருக்கும்.

சாப்பாட்டு இடைவேளை வந்ததும் நேராகச் சவுண்ட்மேனிடம் போனேன்.

"அண்ணே, முதல் பாட்டுலயே உங்க லைன்ல ஒண்ணுமே வரல. கீபோர்டு அண்ணனைப் பார்த்தேன், அவர் டிராக்ல கிட்டாரை ஏத்தச் சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லலாம்னா நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்டேட் எல்லா அமைப்பையும் முதலிலிருந்து போட்டிருந்தது. இயர்போன் மாட்டியிருந்தால் மிக்சருக்குப் போகும் வழியை மூடிவிடு என்று ஒரு புதுக் கட்டளை. அதனால்தான் எனக்கு மட்டும் தேன், மண்டபத்துக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு தட்டுத் தட்டித் திறந்துவிட்டேன். மிக்சரில் என் லைனுக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்தது. குழுக்காரன் பிரியாணித் தட்டோடு நின்றிருந்தான். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சரியாயிருச்சு. ஒண்ணுமில்ல, ஒரு செட்டிங்தான். லைன்ல வருது, வந்து பாரு."

"வேணாம் மச்சான். இப்படியே போகட்டும்."

"அதான் சரியாயிருச்சுன்னு சொல்றேன்ல?"

"நல்லா போயிட்டு இருக்கு லா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இப்ப மாத்தி மறுபடி ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? நீ மேடையில நில்லு, அது போதும். ஆளு இல்லாட்டி மேடை காலியா இருக்கும்."

கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான், என் தட்டில் கறித்துண்டுகூட எடுத்து வைத்தான். இடைவேளைக்குப் பிறகு வந்த பாட்டெல்லாம் ஒழுங்காக வாசித்தேன். எனக்கு மட்டும் கேட்டது. கிளம்பும்போது தோளைத் தட்டி, "அடுத்த வாரம் காஜாங். கிட்டாரை மட்டும் கொண்டு வா, பெட்டி எதுக்கு" என்றான்.

திரும்பும் வழியில் சுங்கை வே பக்கம் நல்ல ஜாம். முன்னால் ஒரு லோரி அசையவே இல்லை. நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தலைப்பூவைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இன்னைக்கு வாசிச்சது நீங்க இல்லைல?"

எனக்கு உயிரே போய்விட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல் பாட்டுலயே தெரிஞ்சது."

"எப்படி?"

"நீங்க எப்பவும் பாட்டுக்கு முன்னால கொஞ்சம் ஓடுவீங்க. இன்னைக்குக் கிட்டார் ஓடவே இல்ல. அது பாட்டுக்குப் பாட்டோட போச்சு."

இத்தனை வருஷமாக மேடையில் வாசிக்கிறேன். நான் முந்துகிறேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது. அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒருத்திக்கு நான் இல்லாதது தெரிந்திருக்கிறது. அந்தத் தெம்பில், ஜாமில் நின்ற காரிலிருந்தே குழுக்காரனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"என் லைனைத் திறக்கிறதா இருந்தா காஜாங்குக்கு வரேன். இல்லாட்டி நான் வரல" என்றேன்.

கெஞ்சுவான், இல்லாவிட்டால் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்ல மச்சான்" என்றான், கோபமே இல்லாமல். "நீ ரெஸ்ட் எடு. டிராக் இருக்குல."

போனை வைத்ததும் மனைவி என் கைமேல் கை வைத்தாள். வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் பெட்டியை வெளியே எடுத்து, கூடத்தில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றி, அன்றைக்கு வாசித்த பாட்டுகளை முதலிலிருந்து வாசித்தேன். ஓடினேன் என்றால் அப்படி ஓடினேன். கதவைத் தட்டுகிறார்கள் என்று மனைவி வந்து சொன்னாள். கிட்டாரைக் கழற்றாமலே போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலைந்த முகத்தோடு.

"கேட்குதா ஆன்டி?" என்றேன்.

"கீழ் வீடு வரைக்கும் கேட்குது" என்றார்.