மேஜோடு போட்ட சேவல்

நான் வாழ்க்கைப்பட்டுச் சீவலப்பேரிக்கு வந்தபோது மாட்டுவண்டியில் என் மடியில் ஒரு கூடை இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைச் சேவல்குஞ்சு. பிறந்த வீட்டிலிருந்து உயிரோடு என்னுடன் வந்தது அது ஒன்றுதான். விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலைத் துரையின் பங்களாச் சேவல் வேலி தாண்டி எங்கள் தெருவுக்கு வந்துபோனதன் பலன் அது. விரல்நுனி வரை காலெல்லாம் இறகு.

"என்ன இது, மேஜோடு மாட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றார் மாமனார். வெள்ளைக்காரர்கள் பூட்ஸுக்குள் மாட்டுவதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியாருக்கு வரவில்லை.

"பேரு கீரு வச்சிராதீக. பேரு சொல்லிக் கூப்பிட்டதை அறுத்தா தொண்டையில எறங்காது."

அந்த வீட்டு வழக்கம் அது. பேர் வைத்த கோழி சட்டிக்குப் போகாது. ஆகையால் எந்தக் கோழிக்கும் பேர் கிடையாது. எனக்கும்தான் இல்லை. மேற்கேயிருந்து வந்தவள் என்பதால் மாமியாருக்கு நான் 'மேக்கத்திக்காரி'.

பேர் வைக்காமல் இருக்க நான் என்ன கல்லா? புறவாசலில் நெல் குத்தும்போது "துரை" என்று மெதுவாகக் கூப்பிடுவேன். உலக்கைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? இறகுக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருவான். அவன் வந்தால் எங்கள் ஊர் மலையும் பின்னாலேயே வருவதுபோல் இருக்கும். பாதித் தூக்கத்தில் நடப்பவள்போல் அந்த நாட்களைக் கழித்தேன்.

ஐப்பசி மழையில் என் கணவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மாமியார் மாடனுக்கு வெள்ளைச் சேவல் நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்கியது. வீட்டில் வெள்ளைச் சேவல் துரை மட்டும்தான். அவர் உயிருக்காக நேர்ந்ததை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

தை பிறந்து, நேர்ச்சை செலுத்தும் வெள்ளிக்கிழமை விடியலில், கூடையைத் திறந்ததும் துரை கைநழுவி ஆற்றுப்பக்கம் ஓடிவிட்டான். தண்ணீரின்மேல் பனி பாலாடையாகப் படிந்திருந்தது. மாமியார் அரிசி தூவி "பா, பா" என்று கூப்பிட்டாள். நாணல்தான் அசைந்தது. போய்விடு, போய்விடு என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி மாமியார் திரும்பவும் கூப்பிட்டாள்.

"துரை... பைய வாலே, துரை."

உலக்கைச் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. துரை வந்தான். நனைந்த இறகில் சேறு அப்பியிருந்தது. மாமியார் அவனைத் தூக்கி, முந்தானையால் காலைத் துடைத்தாள். சேறு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன். கீழத்தெருவுல வேற வெள்ளச் சேவல் கேப்போம். மாடங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சேவலை என் கையில் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காமல் கரையேறினாள். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலேயே, வா நேரமாகிறது என்று கூப்பிட்டாள். மேக்கத்திக்காரி என்று அல்ல, என் பேரைச் சொல்லி.