ஜெயா அக்காவின் கயிறும் சியாட்டல் காபியும்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, என் சாப்பாட்டு மேசை மேல் அமெரிக்கா சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

பயப்படாதீர்கள், போன் வீடியோவில்தான். ஒரு பக்கம் சியாட்டலில் இருக்கும் என் தம்பி செல்வம். இன்னொரு பக்கம் டல்லாஸில் இருக்கும் என் கொழுந்தன் குமார். நலம் விசாரிக்கத்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில், யாருடைய ஊர் வேகமாக நகரமாகிறது என்ற வழக்குக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டைச் சுத்தி வெறும் பொட்டலா இருந்துச்சுல்ல அண்ணி? இப்ப கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் வீடுதான். எந்தப் பக்கம் திரும்புனாலும் ரோடு போடுறான்" என்றான் குமார்.

"அகலமாப் பரவிட்டா நகரமா? ஒரு பாக்கெட் பால் வாங்க நீங்க கார் எடுக்கணும். எங்க ஊர்ல மாடிக்கு மேல மாடி. கீழ இறங்குனா காபிக்கடை, ரொட்டிக்கடை. வீட்டுக்குக் கீழயே கடை அக்கா! இதுதான் அர்பன் லைஃப்!" என்றான் செல்வம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் இருப்பது ரங்கூனில், போட்டாதாங் பேட்டையில், நாலாவது மாடியில். கீழே டீக்கடை. பக்கத்தில் தையல்கடை. எதிரே மருந்துக்கடை. செல்வம் பிறந்து வளர்ந்ததே இதே வீட்டில்தான். "வீட்டுக்குக் கீழ கடையா... ஒரே சத்தம்" என்று முகம் சுளித்துவிட்டு விமானம் ஏறியவன், இப்போது அதே சத்தத்துக்குக் கூடுதல் வாடகை கொடுத்துக்கொண்டு பெருமைப்படுகிறான்!

நான் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த கோ ராஜு சிரிக்கவில்லை.

கோ ராஜு ('கோ' என்பது பர்மிய மரியாதைச் சொல்) எங்கள் கட்டடக் கமிட்டித் தலைவர். தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பேச வந்தவர், போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வத்தின் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் கண்ணாடியாக மின்னியது.

"அக்கா, அங்க ஒரு கயிறுகூடத் தொங்கலையே?"

ரங்கூன்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப்போ பையோ. காலையில் அவித்த பட்டாணி விற்க வரும் பட்டாணிக்காரம்மா கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பையில் போட்டால் சாமான் மேலே போகும். கரண்ட் போனாலும் வேலை செய்கிற ஒரே காலிங் பெல் எங்களுடையதுதான்!

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தால்... ஒரு கயிறும் இல்லை. கமிட்டி முடிவாம். கமிட்டி என்றால் கோ ராஜுவும் அவர் கையில் இருந்த கத்திரியும்.

"நகரம்னா பாக்க ஒரு லட்சணம் வேணாமாக்கா?" என்றார்.

எனக்குப் பெரிய நஷ்டமில்லை. முனகிக்கொண்டே இறங்கி ஏறிவிடுவேன். ஆறாவது மாடி ஜெயா அக்கா என்ன செய்வார்? முழங்கால் இரண்டும் போய்விட்டது. மகன் சிங்கப்பூரில். தனி ஆள். அவருக்குச் சந்தை, மருந்துக்கடை எல்லாமே அந்தக் கயிறுதான்.

பட்டாணிக்காரம்மா கீழே நின்று கூவினார். அக்கா மேலே நின்று கையை ஆட்டினார். தலையில் தட்டை வைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்துக்காக ஆறு மாடி ஏற அந்தம்மாவால் முடியுமா? அன்றும் மறுநாளும் நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் எனக்கு வெளி வேலை. மத்தியானம் திரும்பி வந்தால், மூன்றாவது மாடிப் படியில் ஜெயா அக்கா உட்கார்ந்திருந்தார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று தானே இறங்கியிருக்கிறார். பாதி வழியில் கால் மக்கர் பண்ணிவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

"நான் என்ன பரண்ல தூக்கிப் போட்ட சாமானாடி?" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை என் வீட்டில் உட்கார வைத்து, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, நேராகக் கோ ராஜுவிடம் போனேன். கத்தினேன். அவர் அமைதியாகக் கேட்டார்... "சியாட்டல்ல கயிறு இருக்காக்கா?"

புரிந்துவிட்டது. இந்த நோய்க்கு மருந்து உள்ளூரில் கிடைக்காது.

அடுத்த ஞாயிறு, போன் வருகிற நேரம் பார்த்துக் கோ ராஜுவை டீக்கு அழைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கயிற்றை வெட்டிய கதையைச் சொன்னேன்.

"ஐயய்யோ, நம்ம கயித்தையா?" செல்வம் அலறிவிட்டான். "இங்க ஆப்ல ஆர்டர் பண்ணா கீழ வாசல்ல வச்சுட்டுப் போயிடுறான். நான்தான் லிஃப்ட்ல இறங்கி ஏறணும். அந்தக் கயிறு மட்டும் இங்க இருந்தா ஸ்மார்ட் டெலிவரின்னு பேர் வச்சு ஒரு கம்பெனியே ஆரம்பிச்சிருப்பானுங்க!"

"உண்மைதான் அண்ணி, செம ஐடியா அது" என்றான் குமார். டல்லாஸும் சியாட்டலும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

கோ ராஜு டீயை முழுசாகக் குடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா பால்கனியிலும் புதுக் கயிறு. எல்லாம் நீல நைலான். ஒரே கலரில் இருந்தால்தான் அர்பனாம்!

திங்கள் காலை ஆறாவது மாடி மணி அடித்தது. பட்டாணிப் பொட்டலம் என் பால்கனியைத் தாண்டி மேலே போனது. அண்ணாந்து பார்த்து, "என்னக்கா, சந்தோஷமா?" என்றேன்.

"சந்தோஷந்தான். ஆனா ஒண்ணு கேக்குறேன்டி... நான் படியில உக்காந்து அழுதது இந்த ராஜு காதுல விழல. கடல் தாண்டி உன் தம்பி சொன்னது மட்டும் எப்படி விழுந்துச்சு?"

இதற்குப் பதிலையும் வருகிற ஞாயிறு சியாட்டலைத்தான் கேட்க வேண்டும்.