மழைக்குக் காத்திருந்த லாரி

எங்கள் பக்கத்து வீட்டு எழிலரசன் அண்ணன் கழிவுநீர் லாரி ஓட்டினார். அவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு மகனுக்குக் கிடைத்தது இந்த வேலை. வீடுகளின் செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சியதை ஊருக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்ட வேண்டும். அங்கே எப்போதும் வரிசை. அதனால் மழை பெய்தால் வாய்க்காலில் திறந்துவிடுவார். வெயில் நாளில் செய்யவே மாட்டார், கரையில் குடியிருப்பவர்களுக்கு நாறுமாம். மழைத் தண்ணீர் வேகமாக ஓடும்போது விட்டால் கடல் கொண்டுபோய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை என்று நம்பினார். நானும் அதை நல்ல குணம் என்றே நினைத்தேன்.

போன ஐப்பசியில் கடல் செம்மண் கரைத்தது போல ஆனது. அவர் மனைவி கலைவாணி அண்ணி கடலோரத்து வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர்.

"சங்கரா மீனு எப்படி மின்னுது பாரும்மா!" என்பார் அண்ணி.

"கடலு பீட்ரூட் சாறாட்டம் கெடக்குது. நீயே துன்னு" என்பார்கள் வாங்க வந்தவர்கள்.

கூடை நிறைந்தபடியே தினமும் வீடு திரும்பியது.

மீன்துறையிலிருந்து கடல் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வந்த பெண் குப்பத்தாரிடம் காரணம் சொன்னார். சாக்கடையும் வயல் உரமும் மழையோடு கடலில் சேர்கின்றன. அந்தச் சத்தைத் தின்று, கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் பெருகுகிறது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் திணறிச் சாகின்றன. சில பாசிகளில் நஞ்சும் உண்டு.

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் ஒரே சுவர். அன்று இரவு அண்ணியின் குரல் கேட்டது.

"எவனோ லாரியில கொண்டாந்து வாய்க்கால்ல ஊத்துறானாம். வெளங்குவானா அவன்?"

"நாந்தான் கலை."

அண்ணி கூடையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"தெருவுல நாறக்கூடாதுன்னு பாத்தீங்க. என் கூடைய நெனச்சீங்களா?"

அடுத்த மழைக்கு அண்ணன் சுத்திகரிப்பு நிலைய வரிசையில் போய் நின்றார். மழை நாளிலும் வரிசையில் நின்றால் நடை குறையும் என்று லாரி முதலாளி ராஜாங்கம் போனில் திட்டினார். மறுநாள் லாரிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு காற்று மாறி, கடல் தானாகத் தெளிந்தது. மீனும் விற்றது. ஆனாலும் மழை வலுத்த ஒரு நாள் அண்ணன் வாய்க்கால் கரைக்குப் போனார். அவர் எதிர்பார்த்தபடியே லாரி வந்தது. வழியை மறித்து நின்றார்.

"தள்ளுண்ணா. நீ ஊத்துன எடந்தான இது?" என்றார் புது டிரைவர்.

"ஆமா. அதான் நிக்கிறேன்."

கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டு லாரி பின்வாங்கியது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போனதா என்று அண்ணனுக்குத் தெரியாது. மழை விடும்வரை அங்கேயே நின்றிருந்தார்.