கீறிய கை

"தம்பி, அந்தக் கையைக் கீறிப்போட்டன். ஒருக்கா வந்து பாரும்." அண்ணா இறந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு மறுநாள் காலை மச்சாள் தொலைபேசியில் சொன்ன அந்த வரி இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வோம். பிளேட்டால் கிழிப்பதும் கீறுவதுதான். ஆனால் ஒரு சித்திர ரீச்சர் சொல்லும்போது அந்த இரண்டாவது அர்த்தம் யாருக்குத் தோன்றும்? படம் முடிந்துவிட்டது, மனமும் கொஞ்சம் தேறியிருக்கிறது என்று எண்ணி, நல்ல சேதி கேட்டவனாக அவர்களின் அன்புவழிபுரத்து வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அண்ணா துறைமுகக் கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட வருடத்தில்தான் மச்சாள் கோயிலுக்கு ஒரு படம் நேர்ந்தார். கடலில் அமிழும் சீடர் பேதுருவை, எங்கள் இராயப்பரை, யேசு கைகொடுத்துத் தூக்கும் காட்சி. ஆள் உயரச் சட்டத்தில் சீலையை இழுத்து அடித்து, சமைக்கிற குசினிக்குப் பக்கத்து விறாந்தையில் சாத்திவைத்துக் கீறினார். கடல் மட்டும் கலிலேயாக் கடல் அல்ல, வாடைக்காலத்து எங்கள் கொட்டியாரக் குடா. அந்தக் கலங்கிய பச்சையைக் குழைத்தெடுக்கவே அவருக்கு ஒரு கிழமை பிடித்தது.

அவர் கீறும் விதம் எனக்கு முதலில் விசர், பைத்தியம் என்றுதான் தோன்றியது. வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருந்து, மத்தியானம் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தூரிகையை எடுப்பார். எடுத்தால் கதைபேச்சு இல்லை. சில நாட்களில் ஒரு மணித்தியாலம் கீறிய அலையை ஈரத்துணியால் அப்படியே துடைத்துவிடுவார். நன்றாகத்தானே இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "வடிவாத்தான் இருந்தது. ஆனா பராக்கில கீறினது. கறிக்கு உப்புப் போட்டனானோ எண்டு யோசிச்சுக்கொண்டு கீறினது செபமில்லைத் தம்பி" என்றார். செபமாலை சொல்லும்போது வரும் பராக்கைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அதற்காகக் கடலைத் துடைக்கிற ஆளை அங்கேதான் கண்டேன். ஆண்டவர் உங்களுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி திருத்துகிறாரா என்று பகிடி பண்ணினேன். சிரித்தார், ஆனால் துடைப்பதை நிறுத்தவில்லை.

என் கதைக்கு வருகிறேன். இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டது இதைத்தான். அண்ணாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டும், இரத்த உறவுகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள் கண்டி ஆசுப்பத்திரியில். இருந்தது நான் ஒருவன். கந்தோரில் லீவு போட்டு, கண்டி பஸ்ஸில் ஏறினேன். கந்தளாயில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. வெட்டுவார்கள், ஒன்றோடு வாழவேண்டும், பிள்ளைகள் சின்னது என்ற பயம். குளக்கட்டில் பின்னேரம் வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்து, "பொருந்தேல்லையாம்" என்றேன். அண்ணா என் முதுகில் தட்டினார். "பரவாயில்லையடா. நீ போய்ப் பாத்தாய்தானே, எனக்கு அது போதும்." அந்தத் தட்டலை நான் இன்றுவரை சுமக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான், பூசை முடிந்து வந்த மச்சாள், "உம்மட கை எனக்கு வேணும் தம்பி. கீறுறதுக்கு" என்றார். கதிரையில் உட்கார்ந்து வலக்கையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். படம் அவர் பக்கம் திரும்பியிருக்கும், வேலை முடிந்ததும் போர்வையால் மூடிவிடுவார். எத்தனையோ ஞாயிறுகள் அப்படி இருந்தேன். யேசுவின் கைக்கு என் கையா என்று உள்ளுக்குள் கூசிச் செத்தேன். ஏலாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளறையில் அண்ணாவின் இருமல் கேட்கும். மச்சாளின் உதடு மெதுவாக அசையும். படம் முடியுமுன் அண்ணா போய்விட்டார்.

அன்று காலை நான் போனபோது போர்வை விலகியிருந்தது. படத்தை முதல்முறை முழுதாகப் பார்த்தேன். மேலேயிருந்து நீளும் யேசுவின் கை மெலிந்த, நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்புப் படிந்த கை. அது என் அண்ணாவின் கை. என்னுடையது கீழே இருந்தது. தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கும் இராயப்பரின் கை. சின்ன விரலின் வளைவு, மணிக்கட்டு மச்சம், எல்லாம் என்னுடையவை. விரலில் இருந்து முழங்கை வரை சீலை கிழிந்து தொங்கியது.

மச்சாள் படியில் இருந்தார். பிளேட் பக்கத்தில் கிடந்தது. நான் நிலத்தில் உட்கார்ந்தேன். "மச்சாள், நான் கண்டிக்குப் போகேல்லை."

"தெரியும்" என்றார். "கண்டிக் கிளினிக்கால கோல் எடுத்துக் கேட்டவை, தம்பியார் ஏன் வரேல்லை எண்டு. நீர் வந்து பொய் சொன்ன அண்டைக்கே தெரியும்."

"அண்ணாவுக்கு?"

"நான் சொல்லேல்லை. அவர் உம்மை நினைச்சுச் சந்தோசமா இருந்தவர்." கிழிந்த சீலையைப் பார்த்தார். பிறகு, "அவருக்காகத்தான் நேர்ந்தனான். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உமக்காகவும் கேட்டனான், நீர் வாயைத் திறக்கவேணும் எண்டு. நேற்றுப் பூசையில பாவம் உறுத்தி நீர் நற்கருணை வாங்காமக் கடைசி வாங்கிலயே இருந்தீர், அப்பவும் வாயைத் திறக்கேல்லை. பாத்துக்கொண்டு வந்து இரவெல்லாம் கோவம். விடியக் கீறிப்போட்டன். அது செபமில்லை" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய், ஊசியும் வலை பொத்துகிற நூலும் கொண்டுவந்து சீலையைத் தைத்தார். தையலின் மேல் வெள்ளைப் பூச்சுப் பூசிக் காயவிட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, "கையை நீட்டும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. நான் நீட்டினேன்.

படம் இப்போது கோயிலின் இடப்பக்கச் சுவரில் உயரத்தில் தொங்குகிறது. மீன்பிடிக்குப் போகிறவர்களும் ஆசுப்பத்திரிக்குப் போகிறவர்களும் யேசுவின் கையைத் தொட்டுக் கும்பிட எக்கிப் பார்க்கிறார்கள். அது எட்டாது. எட்டுவது கீழே இருக்கிற கைதான். அதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போகிறார்கள். தையல் இருந்த இடத்தில் நிறம் தேய்ந்து நூல் தெரிகிறது. திருத்துவோமா என்று போன மாதம் மச்சாளிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.