பிஸ்கட் டின்னுக்குள் அடங்காதவள்

அம்மா வீட்டு அலமாரியின் மேல் இன்னமும் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடி தொலைந்து போயிற்று, ஓரமெல்லாம் துரு. அதில் ஒரு குண்டூசி போட்டு வைக்கக்கூட அம்மா விடமாட்டார். ரந்தாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த என் சின்னம்மாவை அதற்குள்தான் பிழைக்க வைத்தார்கள். பஞ்சை மெத்தையாகப் போட்டு, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் போத்தலை அணைத்து வைத்து, அம்மாதான் தன் தங்கையைக் காத்தார். எனக்கு அப்போது ஆறு வயது. ஆமாம், சின்னம்மா என்னைவிட இளையவள்தான். தாயும் மகளும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற காலம் அது. டின்னுக்குள் எட்டிப் பார்த்து, பூனைக்குட்டியா என்று கேட்டு அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

அந்தப் பூனைக்குட்டி வளர்ந்து வாயாலேயே தோட்டத்தைக் கலக்கியது. ஆனால் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை தங்கவில்லை. ஏழு மாதத்துக்காரிக்கு வயிறு முற்றியிருக்காது என்று உறவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். வளைகாப்பு வீடுகளில் அவளைக் கூடத்தில் உட்கார விடமாட்டார்கள். அவள் கை பட்டால் கர்ப்பிணிக்கும் குறைமாதத்தில் பிறந்துவிடுமாம்! அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ புளிச்சோற்றைக் கிண்டியபடி கண்ணடிப்பாள்.

"நான் தொட்டா எல்லாம் சீக்கிரம் வெந்துரும்லா."

ஒருநாள் மட்டும், கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு வயதில் அவள் உண்டானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரம்பான் கிளினிக்குக்கு நானே காரில் கூட்டிப் போனேன். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத் தங்கள் பிரசவமும் முந்திவிடும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அது தலையெழுத்து இல்லை, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். ஏழாம் மாதம் தொடங்கியதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வளைகாப்பு வேண்டாம், ஏழாம் மாதத்தைத் தாண்டட்டும் என்றாள் சின்னம்மா. மந்தினில் என் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவளுக்குப் போன் போடுவேன். அவள் ஹலோகூடச் சொல்லமாட்டாள்.

"இன்னும் உள்ளதான் இருக்கு. போனை வை."

ஒன்பதாம் மாதம் லோபாக்கில் அவள் வீட்டில் வளைகாப்பு. அவளை அடுப்படிக்கு அனுப்பிய பெரியம்மாக்கள் எல்லாம் வளையலோடு முண்டியடித்தார்கள். முதலில் அடுப்படியில் நிற்கிறவர்களைக் கூப்பிடுங்கள் என்றாள் அவள். பிள்ளையில்லாத பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்து முதல் வளையலைப் போட்டாள்.

சின்னம்மாவின் மகள் மாதம் நிறைந்து, சாவகாசமாக, கொழுகொழுவென்று பிறந்தாள். குழந்தையை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவர் யாரையும் கேட்காமல் அந்த டின்னை இறக்கித் துடைத்தார், புதுப் பஞ்சு போட்டார், குழந்தையைப் பதமாக அதில் கிடத்திப் பார்த்தார். இடுப்பு வரைதான் கொண்டது. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. சின்னம்மா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஓர் உதை விட்டது. டின் டங்கென்று சத்தம் போட்டது.