பக்கத்தில் நிற்பவரின் மூச்சு

"நீ எப்ப மூச்சு வாங்குவே?" என்று பிங் சித்தி என்னைக் கேட்டார். நான் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் வியாழக்கிழமை அது. அவருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள்.

"தெரியல சித்தி. முட்டும்போது வாங்குவேன்."

"எனக்கும் அப்பதானே முட்டும்? ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்தினா நடுவுல ஓட்டை விழுந்துடும். முதல்ல நான் வாங்கிக்கறேன். நான் திரும்பி வந்தப்புறம் நீ வாங்கு."

"சரி சித்தி."

"நான் நிறுத்தறது வெளியில கேக்காதில்ல?"

"நான் விடாம பிடிச்சிட்டிருந்தா கேக்காதுன்னு பாட்டு மாஸ்டர் சொன்னாரே."

சித்தி கொஞ்சம் யோசித்தார். "ஓட்டல்ல நான் ஒரு நிமிஷம் உக்காந்தா ஒரு கட்டில் விரிக்காம கிடக்கும். ஊருக்கே தெரிஞ்சுடும். இங்க நான் நின்னுட்டாலும் பாட்டு நிக்காதா? நல்ல வேலையா இருக்கே. இத்தனை வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லலையே."

சைனாடவுனில் எங்கள் சங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் ஒத்திகை. கீழே வாத்து வறுக்கும் கடை. பசியோடு வருகிறவர்களுக்கு அந்த வாசனையில் பாடுவது பெரிய தண்டனை. அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது, கப்பலில் வந்து இறங்கிய சீனர்களை ஊருக்குள் விடாமல் விரிகுடாத் தீவில் அடைத்து வைத்திருந்த காலத்தைப் பற்றிய பாட்டு. ஓக்லாந்துப் பெண் ஒருத்தி எங்களுக்காகவே இசையமைத்தது. அதன் முடிவில் ஒரே சுரத்தை நெடுநேரம் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக்கூடாது. குரல்கள் மாறி மாறி விழுந்து எழுந்தாலும், கேட்பவர்களுக்கு அது அறுபடாத ஒரே குரல்.

சித்தியின் முழுப்பெயர் குவான் சௌ பிங். ஹோய்பிங் பக்கத்துச் சீனக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். தையல் கூடத்தில் காலர் தைத்தார். கூடம் மூடியதும் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யப் போனார். கணவர் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு உணவகத்தில் சமையல்காரர். அவர் வீடு திரும்பும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தே மகளை வளர்த்து, சாக்ரமென்டோவில் கட்டியும் கொடுத்தாயிற்று. "நாங்களும் இந்தக் கடைசி சுரம் மாதிரிதான், கட்டில் காலியாவே இருந்ததில்ல" என்பார்.

வேலை முடிந்து நேராக ஒத்திகைக்கு வருவார். ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மடியில் தாளை விரித்தபடியே தூங்கிவிடுவார். ஒருமுறை திடுக்கிட்டு விழித்து, எல்லாரும் அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் உரக்கப் பாடிவிட்டார். ஸெட்டோ மாஸ்டர் கையை இறக்கினார்.

"யாரது?"

"நாந்தான் மாஸ்டர். சீக்கிரம் பாடினா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமேன்னு."

இன்னொரு நாள் மாஸ்டர், "அவங்க தீவுல மாசக்கணக்கா காத்துக் கிடந்தவங்க. குரல்ல அந்தக் களைப்பு வரணும்" என்றார்.

"களைப்புதானே? எவ்வளவு வேணும்னு சொல்லுங்க" என்றார் சித்தி. "தெம்பு கேட்டாத்தான் கஷ்டம்."

மாஸ்டரும் சிரித்துவிட்டார். அவரும் பகலெல்லாம் அஞ்சல் வண்டி ஓட்டுகிறவர்.

குளிர்காலத்தில் சித்திக்கு இருமல் பிடித்தது. குளியலறை கழுவும் மருந்தின் நெடி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார். மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். கடைசி சுரத்தில் அவர் வாய் திறந்திருக்கும், சத்தம் இருக்காது. நான் என் மூச்சைக் குட்டையாக வாங்கிக்கொண்டு சமாளித்தேன். கச்சேரியைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று முடிவானதும், மாஸ்டர் எங்கள் வரிசையை ஒவ்வொருவராகப் பாடச் சொன்னார். சித்தியின் குரல் பாதியில் உடைந்து இருமலில் முடிந்தது.

"பிங் அக்கா, இந்தத் தடவை நீங்க முன்வரிசையில உக்காந்து கேளுங்க" என்றார் மாஸ்டர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"கேக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? வீட்லயே புருஷன் குறட்டை விடறாரு." எல்லாரும் சிரித்தார்கள். அவர் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். கயிறு கட்ட நேரமானது.

கச்சேரி நாளில் அவர் என் இடப்பக்கம்தான் நின்றார். முழுப் பாட்டும் பாடினார். முடிவு வந்ததும் வாயை மூடிக்கொண்டு எங்களோடு நின்றார். மாஸ்டர் அதற்குச் சம்மதித்தது, அந்த ஷூ மாட்டிய மாலையில் மாடிப்படியில் சித்தி என்னிடம் கேட்ட ஒன்றால்தான். நான் பின்னாலேயே போயிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து இருமல் அடங்கக் காத்திருந்தார்.

"நாள் முழுக்கத் தனியா வேலை பார்க்கறேன். கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அறை, அப்புறம் இன்னொரு அறை. பேச ஆள் கிடையாது. இங்க வந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. அந்த இடத்தை மட்டும் மாஸ்டர் எடுக்க வேணாம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"கடைசி சுரத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன். என் பங்கையும் நீ பிடிச்சுக்கோ. ஏமாத்தறதா இருக்க வேணாம், மாஸ்டருக்குத் தெரிஞ்சே நடக்கட்டும். நீயே போய் அவர்கிட்ட கேளு பொண்ணே. பாட்டைத் தவிர வேற எதுக்கும் நீ அவர் முன்னால வாய் திறந்ததில்ல. நீ பேசினா அந்த அதிர்ச்சியிலயே சரின்னுடுவாரு. போ, நான் இங்கயே நிக்கறேன்."